அரை மணியில் இரவுச் சாப்பாடு: சாசேஜும் கீரையும் போட்ட பாஸ்தா

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து, சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்பி, குழம்பு கூட்டவும் பொரியல் வதக்கவும் தெம்பில்லாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேகவைக்காத இத்தாலியன் சாசேஜ் (உறைக்குள் அடைத்த அரைத்த இறைச்சி), கொஞ்சம் கசக்கும் கீரை, குட்டையான பாஸ்தா, பூண்டு, சீஸ். சாமான் அவ்வளவுதான். நியூஜெர்சி, நியூயார்க் பக்கம் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் வார நாளில் சாதாரணமாகச் செய்யும் சாப்பாடு இது. தக்காளி சாஸ் கிடையாது, க்ரீம் கிடையாது. செய்முறைகள் எல்லாமே இருபது நிமிடம் என்றுதான் ஆரம்பிக்கும். ஆனால் தண்ணீர் கொதிக்கவே பதினைந்து நிமிடம் ஆகும் என்பதையோ, கடையில் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் சாசேஜில் எதை எடுப்பது என்பதையோ யாரும் சொல்வதில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகப் போடுகிறேன். அளவெல்லாம் இரண்டு பேருக்கு, அதுவும் நல்ல பசியில் இருக்கும் இரண்டு பேருக்கு.

1. சாசேஜ்: லேபிளை முழுசாகப் படித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்

இறைச்சிப் பகுதியில் சாசேஜ் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று பச்சை. இன்னொன்று ஏற்கெனவே வேகவைத்தது அல்லது புகை போட்டது. அதன்மேல் ‘ஃபுல்லி குக்டு’ என்று இருக்கும். நமக்கு வேண்டியது பச்சை. வெந்த சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டாலும் வயிறு நிறையும், ஆனால் அதிலிருந்து கொழுப்பு அதிகம் இறங்காது, வாணலியின் அடியில் பழுப்பாகப் பொருக்கு பிடிக்காது, அந்தப் பொருக்கு இல்லாவிட்டால் இதில் ருசி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்து, ‘இத்தாலியன்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில்தான் சோம்பும் பூண்டும் சேர்த்திருப்பார்கள். ‘ப்ரேக்ஃபாஸ்ட் சாசேஜ்’ பக்கத்திலேயே, விலையும் குறைவாக இருக்கும். அதில் போடும் மூலிகையும் லேசான இனிப்பும் இந்தச் சமையலோடு ஒட்டவே ஒட்டாது. ஜெர்மன் வகையான பிராட்வர்ஸ்ட், போலந்து வகையான கீல்பாசா இரண்டும் வேறு கதை. இத்தாலியனிலேயே ‘மைல்டு’, ‘ஸ்வீட்’, ‘ஹாட்’ என்று மூன்று இருக்கும். ஸ்வீட் என்றால் காரம் போடாதது, பயப்பட வேண்டாம். ஆனால் நம் நாக்குக்கு ஹாட் ஒன்றும் பெரிய காரமில்லை, அதையே எடுங்கள்.

இப்போது நம்மவர்கள் பலர் சிக்கும் இடம். சிக்கன் சாசேஜ் என்று பெரிய எழுத்தில் இருக்கும், உள்ளே இறைச்சியும் கோழிதான், ஆனால் மேலே சுற்றியிருக்கும் உறை பன்றிக் குடலாக இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘போர்க் கேசிங்’ அல்லது ‘ஹாக் கேசிங்’ என்று இருந்தால் அதுதான். ‘கொலாஜன் கேசிங்’ என்றிருந்தால் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்தது. பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் முன்பக்கத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உறையே இல்லாமல், உள்ளே இருக்கும் இறைச்சியை மட்டும் ‘பல்க்’ அல்லது ‘கிரவுண்ட்’ இத்தாலியன் சாசேஜ் என்று விற்பார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள், உரிக்கும் வேலையும் மிச்சம்.

அளவு: இரண்டு பேருக்கு 225 கிராம், அதாவது அரை பவுண்டு. உறையோடு இருக்கும் சாசேஜாக இருந்தால் இரண்டு போதும். ஐந்து சாசேஜ் உள்ள பாக்கெட் 19 அவுன்ஸ் இருக்கும், மீதியை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

2. கீரை: கசப்பு வேண்டுமா, அவசரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தச் சாப்பாட்டுக்கு உரிய கீரை ப்ராக்கலி ராப். ராபினி என்றும் கடையில் எழுதியிருப்பார்கள். பெயரைப் பார்த்துவிட்டு ப்ராக்கலி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது டர்னிப் வகையைச் சேர்ந்தது, நல்ல கசப்பு உண்டு, பாகற்காய் பிடிக்கும் வீடுகளில் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு கட்டு ஏறக்குறைய ஒரு பவுண்டு இருக்கும், இரண்டு பேருக்கு அது தாராளம். வாங்கும்போது மொட்டு மஞ்சளாகப் பூத்திருந்தால் வைத்துவிடுங்கள், முற்றியது.

கசப்பே ஆகாது என்பவர்கள் ஸ்பினாச் வாங்கலாம், பெட்டியில் கழுவியே வரும். 5 அவுன்ஸ் பெட்டியைப் பார்த்தால் இவ்வளவா என்று தோன்றும், வாணலியில் கொட்டி முக்கால் நிமிடம் ஆனால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும், ஆகவே முழுப் பெட்டியும் போட வேண்டும். கேல் என்ற தடித்த இலைக்கீரை நடுவில் நிற்கும். கசப்பு குறைவு, ஆனால் நடுத்தண்டை உருவி எடுக்காவிட்டால் நார் நாராக மெல்ல வேண்டியிருக்கும். சுருட்டை இலைக் கேலை விட, நீளமாகக் கரும்பச்சையில் இருக்கும் டைனோ கேல் சீக்கிரம் வேகும். இந்தியக் கடையில் கடுகுக்கீரை கிடைத்தால் அதுவும் அருமையாகப் பொருந்தும். வெந்தயக்கீரையை மட்டும் விட்டுவிடுங்கள். அது சேர்ந்தால் மற்ற எல்லாவற்றின் வாசனையையும் அமுக்கிவிடும்.

3. மற்ற சாமானும் செலவும்

பாஸ்தா: குட்டையானது, குழிவு உள்ளது. ஒரெக்கியெட்டே என்று சின்னக் கிண்ணம்போல் இருக்கும், அதுதான் இதற்கு முதல் தேர்வு. சாசேஜ் தூள் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் பென்னே, ரிகடோனி, ஃபுசில்லி எதுவும் சரி. நீள ஸ்பகெட்டி வேண்டாம், சாசேஜ் எல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும். ஒரு பெட்டி பெரும்பாலும் ஒரு பவுண்டு, 454 கிராம். அதில் பாதியைப் போடுங்கள். பெட்டியில் ஒருவருக்கு 2 அவுன்ஸ் என்று எழுதியிருப்பார்கள். அது நம் பசிக்கு எழுதிய கணக்கு இல்லை.

சீஸ்: பார்மசான் அல்லது பெக்கரீனோ ரொமானோ, கட்டியாக வாங்கித் துருவுங்கள். பெக்கரீனோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், உப்பு தூக்கல், விலை கொஞ்சம் குறைவு, இந்தச் சமையலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். பச்சை டப்பாவில் தூளாக விற்பதில் கட்டி பிடிக்காமலிருக்கச் செல்லுலோஸ் சேர்த்திருப்பார்கள், சூட்டில் சரியாக உருகாது.

இவை போக நாலைந்து பல் பூண்டு, மிளகாய்ச் சில்லு, ஆலிவ் எண்ணெய், ஒரு எலுமிச்சை.

நான் வாங்கும் கடைகளில் பாஸ்தா பெட்டி 2 டாலர் அக்கம்பக்கம், சாசேஜ் பாக்கெட் 5 முதல் 7, ப்ராக்கலி ராப் கட்டு 3 முதல் 4, சீஸ் கட்டி 6 முதல் 8. சீஸ் வாரக்கணக்கில் வரும், பாஸ்தாவும் சாசேஜும் பாதிதான் செலவாகும் என்பதால் ஒரு வேளைக்கு இரண்டு பேருக்கு 10 டாலருக்குள் முடிந்துவிடும். எண்ணெய்க்குத் தனியாக ஒருமுறை செலவு உண்டு. இதற்கு விலை உயர்ந்த எண்ணெய் தேவையே இல்லை, சாசேஜ் கொழுப்பே பாதி வேலையைப் பார்க்கும்.

4. வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர், அப்புறம்தான் செருப்பு

மிகைப்படுத்தவில்லை. இந்தச் சாப்பாட்டின் மொத்த நேரமும் தண்ணீர் எப்போது கொதிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. வாடகை வீட்டுச் சுருள் மின் அடுப்பில் 3 லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஆகும். கெட்டில் இருந்தால் பாதித் தண்ணீரை அதில் ஊற்றிப் போட்டுவிட்டு, மீதிப் பாதியைப் பானையில் மூடி வையுங்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட் என்பதால் கெட்டில் நம் ஊரில்போல் வேகமாகக் கொதிக்காது, ஒன்றரை லிட்டருக்கு ஆறு நிமிடம் பிடிக்கும். இரண்டும் கொதித்ததும் பானையில் சேர்த்துவிட்டால் மொத்தத்தில் ஏழெட்டு நிமிடம் மிச்சம்.

உப்பு, தண்ணீர் கொதித்த பிறகு. இத்தாலியர் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நமக்குச் சாசேஜிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, இந்தத் தண்ணீரையே பிறகு வாணலியிலும் ஊற்றப் போகிறோம், ஆகவே 3 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டித் தூள் உப்பு போதும். இங்கே ஒன்று கவனியுங்கள்: கோஷர் உப்பு என்று பொரப்பொரப்பாக விற்பது அதே கரண்டியில் எடை குறைவாக இருக்கும், சில பிராண்டுகளில் தூள் உப்பில் பாதிதான். அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் அந்த உப்பை வைத்து எழுதியவை. அதே அளவுக்குத் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பாஸ்தா ஒட்டாமலிருக்க முதல் ஒரு நிமிடம் கிளறினால் போதும்.

5. தண்ணீர் காயும் நேரத்தில் நறுக்கல், உரித்தல்

பூண்டை மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். அரைக்காதீர்கள், அரைத்தது சட்டென்று கருகும். ப்ராக்கலி ராப்பின் அடித்தண்டில் ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். கட்டாக வாங்கும் எந்தக் கீரையிலும் மண் இருக்கும், குழாயடியில் காட்டுவது போதாது. பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமேலேயே விழும்.

சாசேஜ் உறையைக் கத்தி நுனியால் நீளவாக்கில் கீறினால் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். கழுவ வேண்டும் என்று கை பரபரக்கும், நம் வீட்டில் எந்தக் கறியையும் கழுவாமல் அடுப்பில் ஏற்றியதில்லை. ஆனால் இது அரைத்த இறைச்சி, கழுவினால் கரைந்து ஓடும், பச்சைக்கறித் தண்ணீர் தொட்டியெல்லாம் தெறிக்கும் என்பதுதான் மிச்சம். கழுவ வேண்டியது உங்கள் கையையும் பலகையையும், அதுவும் சோப்புப் போட்டு. கீரையையும் பூண்டையும் முதலில் நறுக்கிவிட்டு சாசேஜைக் கடைசியாக எடுத்தால் ஒரே பலகையில் வேலை முடியும்.

6. சாசேஜை வதக்காதீர்கள், பொரியவிடுங்கள்

அகலமான வாணலி, முடிந்தால் எவர்சில்வர் அல்லது இரும்பு. நான்ஸ்டிக்கில் பொருக்கு சரியாகப் பிடிக்காது. நடுத்தரச் சூட்டுக்குச் சற்று மேல் வைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, சாசேஜைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, கை வைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். போட்டதும் கிளற ஆரம்பித்தால் தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்து, கரண்டியால் தள்ளினால் தானாக விட்டுக்கொடுக்கும். அப்போது திருப்பி, மரக்கரண்டியால் உடைத்து, இன்னும் நாலைந்து நிமிடம். உள்ளே இளஞ்சிவப்பு மிச்சம் இருக்கக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: பன்றி இறைச்சி என்றால் 71 டிகிரி செல்சியஸ், அதாவது 160 ஃபாரன்ஹீட், கோழி என்றால் 74 டிகிரி, 165 ஃபாரன்ஹீட்.

புகை மணி பற்றி ஒரு வார்த்தை. பல அடுக்ககங்களில் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது, உறிஞ்சி அதே அறைக்குள் விடும். சாசேஜ் பொரியும்போது மணி அலற வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணியில் இருந்து பேட்டரியைக் கழற்றி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

கொழுப்பு அதிகமாக இறங்கியிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி அளவு வாணலியில் இருக்கட்டும், மீதியை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி ஆறியபின் குப்பையில் போடுங்கள். தொட்டிக் குழாயில் ஊற்றினால் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும், ப்ளம்பர் செலவில் பத்து இரவுச் சாப்பாடு போய்விடும். சிக்கன் சாசேஜில் இதற்கு நேர்மாறு: கொழுப்பே இருக்காது, இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கும்.

சூட்டைக் குறைத்து, பூண்டையும் அரைத் தேக்கரண்டி மிளகாய்ச் சில்லையும் போட்டு ஒரு நிமிடம். பூண்டு ஓரம் பொன்னிறமானதும் அடுப்பை அணையுங்கள். சாசேஜ் காத்திருக்கும். பாஸ்தா காத்திருக்காது.

7. பாஸ்தாவும் கீரையும் ஒரே தண்ணீரில்

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தா. பெட்டியில் 11 நிமிடம் என்று எழுதியிருந்தால் 9 நிமிடத்தில் எடுக்கப் போகிறோம், கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். அந்தப் புள்ளி வாணலியில் மறையும்.

ப்ராக்கலி ராப், கடுகுக்கீரை என்றால் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அதே பானையில் போட்டுவிடுங்கள். கசப்பு கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், தனியாக ஒரு பாத்திரம் கழுவ வேண்டியதும் இல்லை. கேலுக்கு நான்கு நிமிடம் முன்னால். ஸ்பினாச்சைப் பானையில் போடவே கூடாது, அது நேராக வாணலிக்கு.

வடிக்கும் முன் ஒரு பெரிய குவளையில் கஞ்சித் தண்ணீரை மொண்டு வையுங்கள். மொத்தச் செய்முறையிலும் மறக்கக் கூடாத வேலை இதுதான்; வடிதட்டில் கொட்டியபின் ஞாபகம் வந்து பயனில்லை. குவளையை முன்கூட்டியே வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் மறக்க வழியில்லை. பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள், மேலிருக்கும் மாவுப் பசைதான் சாஸைப் பிடித்து வைக்கும்.

8. சேர்ப்பது: இரண்டே நிமிடம்

வாணலியை மறுபடி நல்ல சூட்டில் வைத்து, முக்கால் கப் கஞ்சித் தண்ணீரை ஊற்றுங்கள். சுர்ரென்று கிளம்பும்போது அடியில் ஒட்டிய பொருக்கையெல்லாம் கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். அதில் பாஸ்தாவும் கீரையும். விடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீர் தனி, எண்ணெய் தனியாக ஓடும், இது தேறாது என்று தோன்றும், ஒரு நிமிடம் கடந்ததும் இரண்டும் கூடிப் பளபளவென்று பாஸ்தாமேல் கெட்டியாகப் பூசிக்கொள்ளும். வறண்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. தட்டுக்குப் போனபின் மேலும் இறுகும் என்பதால், போதும் என்று தோன்றுவதைவிடச் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு அரைக் கப் துருவிய சீஸ். கொதிக்கும்போது போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை அரை மூடி, மிளகு. உப்பை இப்போதுதான் சரிபார்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

9. சாசேஜ் ஆகாதவர்களுக்கு

ஹலால் பார்ப்பவர்களும் பன்றி வேண்டாம் என்பவர்களும் தங்கள் கடையில் அரைத்த கோழித்தொடைக் கறி 225 கிராம் வாங்கி, ஒரு தேக்கரண்டி இடித்த சோம்பு, முக்கால் தேக்கரண்டி உப்பு, இடித்த பூண்டு இரண்டு பல், மிளகாய்ச் சில்லு, மிளகு போட்டுப் பிசைந்தால் போதும். பத்து நிமிடம் ஊறினால் நல்லது, ஊறாவிட்டாலும் ஓடும். சுத்தமாகச் சொன்னால் பல சிக்கன் சாசேஜ்களைவிட இது மேல், விலையும் குறைவு.

மீன் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. தெற்கு இத்தாலியில் பாரி நகரம் உள்ள புலியா பகுதியில் இதே பாஸ்தாவை இதே கீரையோடு ஆஞ்சோவி போட்டுச் செய்வார்கள். நம் நெத்திலியின் உறவுக்கார மீன்தான், உப்பில் பதப்படுத்தி எண்ணெயில் மிதக்கவிட்டுச் சின்ன டின்னில் விற்பது. நான்கைந்து துண்டைச் சூடான எண்ணெயில் பூண்டோடு போட்டால் கரைந்தே போகும். மேலே சீஸுக்குப் பதில் எண்ணெயில் முறுகலாக வறுத்த ரொட்டித்தூள். தண்ணீருக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு கன்னெலினி என்ற வெள்ளை பீன்ஸ் டின் ஒன்று, கூடவே இடித்த சோம்பு. ஆனால் அசல் பார்மசான், அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட்டில் உறையவைத்தது. சைவக்காரருக்குப் பரிமாறுவதானால் ‘வெஜிடேரியன் ரெனட்’ அல்லது ‘மைக்ரோபியல் ரெனட்’ என்று லேபிளில் உள்ள சீஸைத் தேடி வாங்குங்கள்.

10. மீதம்

பச்சை சாசேஜ் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்குமேல் வேண்டாம். வாங்கி வந்த அன்றே இரண்டிரண்டாகப் பிரித்து, தட்டையாக்கி, உறைபெட்டியில் போடுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். எந்த நாள் சமைக்கப் போகிறீர்களோ, அன்று காலை கிளம்பும்போது ஒரு பொட்டலத்தைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் சாயங்காலம் இளகியிருக்கும்.

சமைத்த பாஸ்தா மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் ஆபீஸ் மைக்ரோவேவில் அப்படியே வைத்தால் ரப்பராகிவிடும். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, ஒரு நிமிடம் விட்டுக் கிளறி மறுபடி ஒரு நிமிடம். மிச்சமிருக்கும் அரை மூடி எலுமிச்சையையும் டப்பாவோடு கொண்டுபோங்கள்.